எடை தூக்கினால் உடம்பு தடித்துவிடுமா? மொரீஷியஸ் தமிழ்ப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரோஸ் ஹில், காத்ர் போர்ன் பக்கத்துப் பெண்களுக்கு எடைப் பயிற்சி சொல்லித்தருவது என் வேலை. புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் முதல் வாரத்திலேயே கேட்பது இதைத்தான்: "அக்கா, இதையெல்லாம் தூக்கினால் நான் தடித்துப்போய்விட மாட்டேனே?" கேட்கத் தயங்கி, ஒரு நாள் வந்துவிட்டு அப்படியே நின்றுபோனவர்களும் உண்டு. அவர்களையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இந்த ஒரு பயத்தால் நம் பெண்கள் இழப்பது நிறைய என்பது என் எண்ணம். பயத்தைக் கேலி செய்யாமல், உள்ளதை உள்ளபடி சொல்லப்பார்க்கிறேன்.

எடை தூக்கினால் உடம்பு ஆம்பிளை மாதிரி ஆகிவிடுமா?

ஆகாது. ஏன் ஆகாது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். காரணம் தெரிந்தால்தான் பயம் போகும்.

தசை பெரிதாக வளர்வதில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்குப் பெரிய பங்கு உண்டு. பெண்களின் இரத்தத்தில் அது ஒரு டெசிலிட்டருக்குச் சாதாரணமாக 15 முதல் 70 நானோகிராம் வரை இருக்கும். ஆண்களுக்கு 300 முதல் 1,000 வரை போகும். எடை தூக்குவதால் ஒரு பெண்ணின் அளவு ஆணின் அளவுக்கு ஏறிவிடாது. பயிற்சி முடிந்த உடனே கொஞ்சம் ஏறினாலும், சீக்கிரமே பழைய நிலைக்கு வந்துவிடும்.

இன்னொன்று, ஆண்கள் தொடங்கும்போதே அவர்களுக்குத் தசை அதிகம், முக்கியமாகத் தோளிலும் மார்பிலும். ஒரே பயிற்சியைச் செய்யும் ஆணும் பெண்ணும் விகிதத்தில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி முன்னேறுகிறார்கள். ஆனால் பெண் தொடங்கிய இடம் சிறியது என்பதால் கிலோக் கணக்கில் வளர்ச்சியும் சிறியதுதான். ஒழுங்காகப் பயிற்சி செய்து, ஒழுங்காகச் சாப்பிடும் ஒரு பெண்ணுக்கு முதல் சில மாதங்களில் ஒன்று அல்லது இரண்டு கிலோ தசை கூடினால் அதுவே நல்ல முன்னேற்றம். அந்த இரண்டு கிலோவும் கால், இடுப்பு, முதுகு, கை என்று உடம்பு முழுக்கப் பரவி நிற்கும். வெளியே தெரிவது என்னவென்றால், தோள் கொஞ்சம் நிமிர்ந்திருக்கும், கை உறுதியாக இருக்கும், சேலை ரவிக்கை முதுகில் ஒழுங்காக உட்காரும்.

அப்புறம், முதல் ஆறு எட்டு வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் தசையிலிருந்து வருவதே இல்லை. ஏற்கனவே இருக்கும் தசையை ஒன்றாக வேலை வாங்க நரம்புகள் கற்றுக்கொள்கின்றன. அதனால்தான் 10 கிலோவில் திணறியவர் இரண்டு மாதத்தில் 25 கிலோவைச் சாதாரணமாகத் தூக்குகிறார், ஆனால் சட்டை அளவு மாறுவதில்லை.

அப்படியானால் படங்களில் பார்க்கிறோமே, நரம்பு புடைத்த பெண்கள்? அவர்கள் எப்படி அப்படி ஆனார்கள்?

பல வருட உழைப்பால். வாரத்தில் ஐந்தாறு நாள் பயிற்சி, கிராம் கணக்கில் அளந்த சாப்பாடு, போட்டிக்கு முன் உடம்பின் கொழுப்பை ஆரோக்கியமான அளவுக்கும் கீழே கொண்டுபோவது, தண்ணீரைக் குறைப்பது, கருமையான பூச்சு, மேடை விளக்கு. நாம் பார்ப்பது அந்த ஒரு நாளின் உடம்பு. போட்டி முடிந்து சில வாரம் கழித்து அதே பெண்ணைக் கடைத்தெருவில் பார்த்தால் அடையாளம் தெரியாது.

மிகப் பெரிய தசை காட்டும் போட்டிப் பிரிவுகளில் அனபாலிக் ஸ்டீராய்டு (ஆண் ஹார்மோன் போல் வேலை செய்து தசையை வளர்க்கும் மருந்து) புழங்குவது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். குரல் கரகரப்பது, முகத்தில் முடி வளர்வது, மாதவிடாய் நிற்பது எல்லாம் அந்த மருந்துகளின் விளைவு. எடைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஜிம்மில் யாராவது பெயர் இல்லாத மாத்திரையோ ஊசியோ "சீக்கிரம் பலன் தரும்" என்று நீட்டினால் வாங்காதீர்கள். குரல் ஒரு முறை தடித்துவிட்டால் பழையபடி திரும்பாமலே போகலாம்.

பளுதூக்கும் வீராங்கனைகள் எல்லோரும் பருமனாகத்தானே இருக்கிறார்கள்?

நம் நாட்டு ரோய்லியா ரனைவோசோவாவைப் பாருங்கள். 2018இல் கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் 48 கிலோ பிரிவில் வெள்ளி, 2022இல் பர்மிங்ஹாமில் 49 கிலோ பிரிவில் மறுபடி வெள்ளி. பர்மிங்ஹாமில் அவர் ஸ்னாட்ச்சில் (ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) 76 கிலோவும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல்) 96 கிலோவும், ஆக 172 கிலோ தூக்கினார். அந்த 96 கிலோ அவருடைய சொந்த எடையைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இரண்டு முறையும் தங்கம் வென்றவர் இந்தியாவின் மீராபாய் சானு. பர்மிங்ஹாமில் அவர் தூக்கியது மொத்தம் 201 கிலோ. இவரும் அதே 49 கிலோ பிரிவுதான்.

எடைப் பிரிவு என்ற ஒன்று இருப்பதால், போட்டிக்கு எடை பார்க்கும்போது 49 கிலோவைத் தாண்டினால் அந்தப் பிரிவில் இடம் இல்லை. இவர்கள் எத்தனையோ வருடம் தினமும் பார்பெல்லோடு, அதாவது இரு முனையிலும் எடை பூட்டிய நீளக் கம்பியோடு, வாழ்ந்தவர்கள். அப்படியும் 49 கிலோவுக்குள்தான் நின்றார்கள். கனமான பிரிவுகளில் கனமான பெண்கள் இருப்பார்கள், உண்மை. அவர்கள் அந்தப் பிரிவுக்கு ஏற்ற உடம்போடு வந்தவர்கள், அதைக் காப்பாற்ற அதற்கேற்பச் சாப்பிடுகிறவர்கள். வாரத்துக்கு இரண்டு நாள் வரும் நமக்கு அது தற்செயலாக நடந்துவிடாது.

தொடங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. ஜீன்ஸ் தொடையில் இறுகுகிறது, தராசிலும் ஒரு கிலோ கூடிவிட்டது. நீங்கள் சொல்வது எனக்குப் பொருந்தவில்லையே?

இந்தக் கட்டத்தில்தான் அதிகம் பேர் விட்டுவிட்டுப் போகிறார்கள். அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

பழக்கமில்லாத வேலை கொடுத்ததும் தசையில் நுண்ணிய அளவில் சேதம் ஏற்படும். அதைச் சரிசெய்ய உடம்பு அங்கே நீரை அனுப்பும். அதனால்தான் இரண்டாம் நாள் வலியோடு லேசான வீக்கமும் வருகிறது. கூடவே, அடுத்த முறை தேவைப்படும் என்று தசை தன்னுள் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பை அதிகப்படுத்திக்கொள்ளும். ஒரு கிராம் கிளைகோஜன் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துவைக்கும். ஊறப்போட்ட பருப்பு மாதிரி, பொருள் அதேதான், நீரால் கொஞ்சம் உப்பியிருக்கிறது. தராசு காட்டும் ஒரு கிலோவில் பெரும்பகுதி இதுதான். மூன்று வாரத்தில் ஒரு கிலோ தசை போடுவது பெரும்பாலான பெண்களால் முடியாது, நாமே ஆசைப்பட்டாலும்.

பயிற்சி முடிந்த உடனே கண்ணாடியில் கை பெரிதாகத் தெரிவது இன்னொரு விஷயம். அது இரத்த ஓட்டம், ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். சிலருக்கு இந்த நேரத்தில் பசி கூடும். "இன்றைக்கு ஜிம் போனேனே" என்று மாலையில் இரண்டு ஜோடி தால் பூரியும் காத்தோ பிமாவும் (மிளகாய் போட்ட பருப்பு வடை) கூடுதலாகப் போனால், அதுவும் இடுப்பில் வந்து உட்காரும். தசையின் மேல் கொழுப்பு அப்படியே இருக்க, அடியில் தசை கொஞ்சம் கூடினால் சுற்றளவு ஏறத்தான் செய்யும். "நான் தடித்துவிட்டேன்" என்று சொல்கிறவர்களில் பலருக்கு நடப்பது இதுதான். இதற்கு எடையை விடுவது வழி இல்லை, தட்டைக் கவனிப்பதுதான் வழி.

தராசை மட்டும் நம்பாதீர்கள். ஒரு அளவு நாடா வாங்கி இடுப்பு, தொடை, மேற்கை மூன்றையும் மாதம் ஒரு முறை, மாதவிடாய் முடிந்த வாரத்தில் அளந்து குறித்துவையுங்கள். மூன்று மாதம் கழித்துப் பேசுவோம்.

லேசான எடையை நிறைய தடவை தூக்கினால் போதாதா? எனக்கு டோன் ஆனால் போதும், தசை வேண்டாம்.

இந்த யோசனையைப் பெண்களுக்குச் சொல்லாத ஜிம்மே இல்லை. ஒரு கிலோ ரோஜாநிற டம்பெல்லைக் கையில் கொடுத்து ஐம்பது தடவை ஆட்டச் சொல்வார்கள்.

நீங்கள் டோன் என்று சொல்லும் தோற்றத்தில் இரண்டே விஷயம்தான் இருக்கிறது: கொஞ்சம் தசை, அதன் மேல் குறைவான கொழுப்பு. தசை இல்லாமல் அந்த உறுதியான தோற்றம் வராது. தசையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு டோன் வேண்டும் என்று கேட்க முடியாது.

இன்னொரு ஆச்சரியமும் உண்டு. ஒரு செட்டில், அதாவது நிறுத்தாமல் தொடர்ந்து தூக்கும் ஒரு சுற்றில், ஐந்து தடவை தூக்கினாலும் முப்பது தடவை தூக்கினாலும், சோர்ந்துபோகும் எல்லைக்குப் பக்கத்தில் போனால் தசை வளர்ச்சி ஏறக்குறைய ஒன்றுதான் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆக லேசான எடை நிறைய தடவை என்பது தசை வளராமல் காப்பாற்றும் வழி இல்லை. சோர்வுக்குப் பக்கத்திலேயே போகாமல் ஆட்டினால் ஒன்றும் வளராது, ஆனால் பலமும் வராது, எலும்புக்கும் பயன் இல்லை. கனமாக, குறைந்த தடவை, நடுவில் நன்றாக ஓய்வெடுத்துத் தூக்கினால் பலம்தான் அதிகம் கூடும், அளவு லேசான எடையில் கூடுவதைவிட அதிகமாகக் கூடாது. பருமன் பற்றிப் பயப்படுகிறவர்கள்தான் கனமான எடையை விரும்பவேண்டும்!

வீட்டில் நீங்கள் தூக்குவதை யோசித்துப் பாருங்கள். 12 கிலோ காஸ் சிலிண்டரில், சிலிண்டரின் சொந்த எடையும் சேர்ந்தால், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரும். தூங்கும் பிள்ளையைக் காரிலிருந்து தூக்கி மாடி ஏறுகிறோம். கரும்புத் தோட்டத்தில் வேலை செய்த நம் பாட்டிமார் சுமந்த சுமை எல்லோருக்கும் தெரியும். அதையெல்லாம் தூக்கும் உடம்புக்கு ஒரு கிலோ டம்பெல் எந்தச் சேதியும் சொல்லாது.

தினமும் காலையில் கியூர்பிப்பில் த்ரூ ஓ செர்ஃப் எரிமலைப் பள்ளத்தைச் சுற்றி நடக்கிறேன். அது போதாதா?

நடையை விடாதீர்கள். இதயத்துக்கும் மனதுக்கும் அது நல்லது. ஆனால் நடை முதுகுக்கும் கைக்கும் தோளுக்கும் ஒன்றும் செய்யாது. பழகிப்போன நடை காலின் பலத்தையும் கூட்டாது. உலக சுகாதார நிறுவனமும் இரண்டையும்தான் சொல்கிறது: வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு, அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் வலுப்பயிற்சி. நம் ஊரில் முதல் பாதியைச் செய்கிற பெண்கள் நிறைய, இரண்டாம் பாதியைச் செய்கிறவர்கள் குறைவு.

என் உடம்புவாகே அப்படி. சின்ன வயதில் ஓட்டப் பந்தயத்தில் ஓடியபோதே தொடை பெருத்தது. எனக்கும் இதே பதில்தானா?

இல்லை, உங்களுக்குக் கொஞ்சம் வேறு பதில். எல்லா உடம்பும் ஒன்று போல் வளர்வதில்லை. ஒரே பயிற்சிக்குச் சிலர் மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு பதில் கொடுப்பார்கள். தொடையும் பின்புறமும் சீக்கிரம் வடிவம் எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். "யாருக்கும் எதுவும் வளராது" என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

ஆனால் ராத்திரி தூங்கி எழுந்து பார்த்தால் வளர்ந்திருக்கும் பொருள் இல்லை தசை. மாதக்கணக்கில் மெதுவாக வருகிறது. அளவு நாடா கையில் இருக்கிறது. போதும் என்று தோன்றும் இடத்தில் காலுக்கான செட்டுகளைக் குறைத்து, எடையை அப்படியே வைத்துக்கொள்ளலாம். வாரம் ஒரே ஒரு நாள் செய்தாலும் சேர்த்த பலம் நிற்கும், அளவு மேலே போகாது.

தொடை கொஞ்சம் பெருத்துவிட்டாலும் மூன்று மாதம் அதோடு இருந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்வேன். மலைக்கோயில் படியை மூச்சு வாங்காமல் ஏறும் கால் அது.

பாதியில் நிறுத்திவிட்டால் தசை எல்லாம் கொழுப்பாகித் தொங்குமாமே?

தசை வேறு, கொழுப்பு வேறு. ஒன்று மற்றொன்றாக மாறாது. நிறுத்தினால் தசை மெல்லக் குறையும். சாப்பாட்டை அதே அளவில் தொடர்ந்தால் கொழுப்பு சேரும். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் மாறிவிட்ட மாதிரி தெரிகிறது. திரும்பத் தொடங்கினால், முதல் முறையைவிட வேகமாகவே பலம் திரும்பும்.

புரோட்டீன் பவுடர் குடிக்கச் சொல்கிறார்கள். அதைக் குடித்தால்தான் பெருப்பார்களாமே?

வே புரோட்டீன் என்பது பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் நீரிலிருந்து எடுத்துக் காயவைத்த புரதம். அதில் ஆண் ஹார்மோன் எதுவும் இல்லை. அது உணவு, அவ்வளவுதான். சாப்பாட்டிலேயே புரதம் கிடைத்தால் வாங்கத் தேவையே இல்லை. டப்பா விலையைப் பார்த்தால் நானும் முட்டையைத்தான் சொல்வேன்.

பயிற்சி செய்யும் பெண்ணுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் நல்லது. 60 கிலோ எடை என்றால் நாளுக்கு 72 முதல் 96 கிராம். நம் வீட்டுச் சாப்பாட்டில் பெரும்பாலும் இதில் பாதிகூட வருவதில்லை. காலையில் ரொட்டியும் வெண்ணெயும் தேநீரும், மதியம் ஒரு மலைச் சோறும் மேலே கொஞ்சம் பருப்பும், மாலையில் ஏதாவது வறுத்தது. இரண்டு முட்டையில் 12 கிராம் இருக்கிறது. 100 கிராம் மீனில் 20 கிராமுக்கு மேல், தோலில்லாத கோழி நெஞ்சு 100 கிராமில் சுமார் 30 கிராம். டின் சூரை மீன் நம் நாட்டில் எங்கேயும் கிடைக்கும், வெங்காயமும் மிளகாயும் போட்டுப் பிரட்டினால் பத்து நிமிட வேலை. வெந்த பருப்பு 100 கிராமில் சுமார் 9 கிராம். காய்ந்த சோயா உருண்டையின் எடையில் பாதி புரதம்தான், 50 கிராம் போட்டுக் கறி வைத்தால் 25 கிராம் கிடைத்துவிடும்.

தைப்பூசக் காவடி விரதத்தின்போது என்ன செய்வது என்று ஒவ்வொரு வருடமும் கேட்கிறார்கள். பத்து நாள் சைவம் இருப்பதால் தசை கரைந்துவிடாது. பருப்பு, சோயா, தயிர், பன்னீர், பயறு வகைகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஏழு கறியில் பருப்பும் பயறும் இருக்கும் கிண்ணங்களை இரண்டு முறை கேட்டு வாங்குங்கள். ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிறவர்கள் எடையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், அல்லது அந்த வாரம் ஓய்வு எடுங்கள். பால்குடம் எடுத்து வெயிலில் நடக்கும் நாளுக்கு முந்தின இரண்டு நாள் கால் பயிற்சி வேண்டாம். வலியோடு நடப்பது கஷ்டம்.

கிரியேட்டின் பற்றியும் கேட்பார்கள், தசைக்கு உடனடிச் சக்தி கிடைக்க உதவும் பொருள் அது. நாளுக்கு 3 முதல் 5 கிராம், நன்றாக ஆராயப்பட்ட பொருள். அது தசைக்குள் நீரைச் சேர்க்கும் என்பதால் தராசில் ஒரு கிலோ ஏறலாம். சிறுநீரகத்தில் குறை இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடக்கூடாது.

எனக்கு 55 வயது. இந்த வயதில் தடித்தால் என்ன, மெலிந்தால் என்ன? இனி எதற்கு எடை?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிக முக்கியமான கேள்வி இது. உங்களுக்குத்தான் அம்மா எடை மற்ற எல்லோரையும்விட அதிகம் தேவை.

முப்பது வயதுக்கு மேல் பயிற்சி இல்லாத உடம்பு பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் தசையை இழக்கிறது. அறுபதுக்கு மேல் வேகம் இன்னும் கூடும். மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து எலும்பும் அடர்த்தியை இழக்கிறது. முதல் ஐந்தாறு வருடங்களில்தான் இழப்பு மிக அதிகம். வயதான ஒரு பெண் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தபின் வீடு எப்படி மாறிப்போகிறது என்பதைப் பார்க்காத குடும்பம் குறைவு. இருபத்தைந்து வயதில் "தடித்துவிடுவேன்" என்று தள்ளிப்போட்டு, நாற்பதில் நேரம் இல்லை என்று தள்ளிப்போட்டு, அறுபதில் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியாத நிலைக்கு வந்து நிற்கிறோம்.

ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களை எடுத்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், எட்டு மாதம், கண்காணிப்போடு கனமான எடைப் பயிற்சி. டெட்லிஃப்ட் (தரையிலிருந்து தூக்குவது), ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), தலைக்கு மேல் தூக்குதல், அதோடு குதித்து இறங்குதல். மறு பாதிக்கு வீட்டில் லேசான பயிற்சி. முடிவில் முதல் குழுவின் கீழ்முதுகு எலும்பு அடர்த்தி சுமார் 2.9 சதவீதம் கூடியது. மற்றக் குழுவுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. அந்த வயதில் குறையாமல் நின்றாலே பெரிய விஷயம், இங்கே கூடியிருக்கிறது.

நம் நாட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மொரீஷியஸில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசைதான். வேலை செய்யும் தசை இன்சுலினின் உதவி இல்லாமலேயும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் அப்பா, அண்ணன், சித்தி என்று எத்தனை பேர் மாத்திரை போடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதன் பிறகு கை கொஞ்சம் பருத்தால் பரவாயில்லையா என்று முடிவு செய்யுங்கள்.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுக்கிறவர்கள், இரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்கள், சர்க்கரையால் கண் பாதிக்கப்பட்டவர்கள் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்குங்கள். பயிற்சியால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம், மருந்தின் அளவை மாற்றவேண்டி வரலாம். கண்ணில் பாதிப்பு இருந்தால் மூச்சை அடக்கி முக்கித் தூக்குவது ஆபத்து.

மாதவிடாய் நாட்களில் தூக்கலாமா?

தூக்கலாம். கருப்பை இறங்கிவிடும் என்பதெல்லாம் பொய். வலியும் சோர்வும் இருந்தால் எடையைக் குறையுங்கள், அல்லது வீட்டில் இருங்கள். யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) இருக்கிறது. எனக்கு ஆண் ஹார்மோன் அதிகம் என்று டாக்டர் சொன்னார். நான் பெருத்துவிடுவேனா?

அதிகம் என்பது பெண்களின் சராசரியோடு ஒப்பிட்டுச் சொல்வது. ஆண்களின் அளவுக்குக் கிட்டேகூட வராது. சிலருக்குப் பலம் கொஞ்சம் வேகமாகக் கூடலாம். பிசிஓஎஸ் உள்ள பலருக்கும் இன்சுலின் சரியாக வேலை செய்யாதது பெரிய பிரச்சினை. அதற்கு எடைப் பயிற்சி உதவும். நீங்கள் தள்ளி நிற்கவேண்டியதில்லை.

பிரசவத்துக்குப் பின் எப்போது?

மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு. சிசேரியன் என்றால் இன்னும் பொறுமை. முதலில் மூச்சுப் பயிற்சி, இடுப்படித் தசைப் பயிற்சி, நடை. தூக்கும்போது சிறுநீர் கசிந்தாலோ, கீழே ஏதோ இறங்குவது போல் கனத்தாலோ நிறுத்திவிட்டுப் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். வெட்கப்பட்டு மறைக்கும் விஷயம் இல்லை, சரிசெய்யக்கூடியது.

வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். "பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு, யார் கட்டிக்கொள்வான்" என்று மாமி சொல்கிறார்.

சண்டை போட்டு ஜெயிக்க முயற்சி செய்யாதீர்கள். மாமியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்! உண்மையாகவே சொல்கிறேன். முட்டி வலிக்கிறது என்று சொல்லும் மாமிகள் இரண்டு மாதம் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி செய்தபின், மகளையும் மருமகளையும் அவர்களே அனுப்பிவைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பெண்ணின் கை மெலிந்து இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள்தான் அரிசி மூட்டையையும் விசேஷத்துக்கு அண்டாவையும் அந்தக் கையிடமே கொடுக்கிறார்கள். இது எனக்கு எப்போதும் வருத்தம் தரும். கல்யாணத்துக்குப் பார்க்க வருகிறவர் உங்கள் தோளின் அகலத்தை அளந்து முடிவு செய்வார் என்றால், அந்த வீட்டைப் பற்றி அது உங்களுக்கு முன்னாலேயே தெரிந்தது நல்லதுதான்.

ஜிம்மில் பார்பெல் இருக்கும் பக்கம் முழுக்க ஆண்கள். அங்கே போகவே கூச்சமாக இருக்கிறது.

புரிகிறது. கூட்டம் குறைந்த நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதிகாலையும் முற்பகலும் பெரும்பாலும் காலியாக இருக்கும். டிசம்பர், ஜனவரிப் புழுக்கத்துக்கும் அதிகாலைதான் நல்லது. ஒரு தோழியோடு போங்கள். முதல் சில வாரத்துக்குக் கோச் பக்கத்தில் நிற்கட்டும். உங்களைத் தொட்டுத்தான் திருத்தவேண்டும் என்றால் முதலில் கேட்கச் சொல்லுங்கள், கேட்காமல் தொடுகிறவரை மாற்றுங்கள். தளர்ந்த டீ ஷர்ட்டும் முழுக்காற்சட்டையும் போட்டுக்கொண்டே எல்லாம் செய்யலாம். இறுக்கமான உடைதான் வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை.

சரி, எப்படித் தொடங்குவது?

வாரத்தில் இரண்டு நாள், நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி. திங்கள், வியாழன் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரம் போதும்.

உடம்பு செய்யும் அடிப்படை வேலைகள் சிலதான்: உட்கார்ந்து எழுவது, தரையிலிருந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, சுமந்து நடப்பது. டம்பெல்லை நெஞ்சோடு பிடித்து நாற்காலி வரை உட்கார்ந்து எழுங்கள். பிறகு டெட்லிஃப்ட். முதுகு நேராக, இடுப்பிலிருந்து மடங்கி, எடை காலை உரசியபடி மேலே வரவேண்டும். இதை மட்டும் தெரிந்த ஒருவர் பார்த்துத் திருத்தாமல் கனமாகச் செய்யாதீர்கள். பெஞ்சில் கையை ஊன்றி புஷ்-அப், டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுப்பது, கடைசியாக இரண்டு கையிலும் எடையைப் பிடித்து ஜிம் நீளத்துக்கு நடப்பது. எல்லாவற்றிலும் எட்டு தடவை வீதம் மூன்று செட், நடுவில் ஒன்றரை இரண்டு நிமிட ஓய்வு.

எவ்வளவு எடை? எட்டாவது தடவை முடிக்கும்போது இன்னும் இரண்டு மூன்று மட்டும் முடியும் என்று தோன்றவேண்டும். இன்னும் பதினைந்து முடியும் என்றால் எடை போதாது. பத்து தடவை சுலபமாக வந்துவிட்டால் அடுத்த முறை ஒன்று அல்லது இரண்டு கிலோ கூட்டுங்கள். ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். போன தடவை என்ன தூக்கினோம் என்று நினைவில் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது.

பார்பெல்லுக்கு மாறும்போது பெண்களுக்கான 15 கிலோ பார் இருக்கிறதா என்று கேளுங்கள். அதன் தடிமன் 25 மில்லிமீட்டர், ஆண்களின் 20 கிலோ பாரைவிட மெல்லியது, சின்னக் கைக்கு நன்றாகப் பிடிபடும். பல ஜிம்களில் அது ஒரு மூலையில் தூசி பிடித்துக் கிடக்கும், கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

கூர்மையான வலி வந்தால் நிறுத்துங்கள். மந்தமான தசை வலி முதல் இரண்டு வாரத்தில் எல்லோருக்கும் வரும், பிறகு குறையும்.

ஒருவேளை தசை தெரிவது எனக்குப் பிடித்துப்போய், இன்னும் வேண்டும் என்று தோன்றினால்?

அப்படிக் கேட்டு வருகிறவர்கள் வருடத்துக்கு வருடம் கூடுகிறார்கள், எனக்குச் சந்தோஷம். வாரத்தில் மூன்று நான்கு நாள் ஆக்குங்கள், ஒவ்வொரு தசைக்கும் வாரத்துக்குப் பத்து செட்டுக்கு மேல் கொடுங்கள், சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள், எட்டு மணி நேரம் தூங்குங்கள். ஒரு வருடம் கழித்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். இன்னும் போதவில்லை என்றுதான் சொல்வீர்கள். அப்போது அடுத்த வருடத்துக்கான திட்டத்தைப் போடுவோம்.